அப்பா ஏன் தள்ளி உட்காருகிறார்

ஆர்.எஸ்.புரம், கோவை
ஞாயிறு

அன்புள்ள லாஸ்யா கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்றுதான் டாக்டர் சொல்கிறார், எனக்குத்தான் எதை நம்புவது என்று தெரியவில்லை. போனில் பேசினால் அப்பா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதனால்தான் கடிதம்.

சசிதர் சித்தப்பாவின் கம்பெனி வேலையாக அப்பா பெருந்துறை போயிருக்கிறார் என்று உன்னிடம் சொன்னோம் அல்லவா, காரணம் அதுவல்ல. அவருக்கு ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். பயப்படாதே, ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்கள், வேறெங்கும் பரவவில்லை. ஆபரேஷன் செய்யலாம், வாரக்கணக்கில் தினமும் வந்து கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கதிர்வீச்சுள்ள விதைகளை அந்தச் சுரப்பிக்குள்ளேயே வைத்துவிடலாம், அதற்கு பிராக்கிதெரபி என்று பெயர் என்றார்கள். நீ பிரசவத்துக்கு வருவதற்குள் எழுந்து நடமாட வேண்டும் என்று அப்பா விதையைப் பிடித்துக்கொண்டார். அரிசிமணியைவிடச் சின்னது, ஊசி வழியாக வைத்தார்கள், மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதை இனி எடுக்கவே மாட்டார்களாம், உள்ளேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேகம் அடங்குமாம். அடங்கியது எப்படித் தெரியும் என்று கேட்டேன், அதற்குக் கணக்கு இருக்கிறதம்மா என்றார் டாக்டர். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. கொஞ்ச நாள் சிறுநீரை வடிகட்டிப் பார்க்க வேண்டும், விதை ஏதும் வந்தால் கையால் தொடக் கூடாது என்றார்கள். அதற்கென்று புது டீ வடிகட்டி வாங்கிச் சிவப்பு நூல் கட்டி வைத்தேன், அன்றிலிருந்து எனக்கு டீயே இறங்கவில்லை. துணியைத் தனியாகத் துவைக்க வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிறார்கள், நான் பக்கத்தில் படுக்கலாமா என்றால் தாராளமாக என்கிறார்கள். ஆனால் கிளம்பும்போது நர்ஸம்மா, இரண்டு மாதத்துக்குச் சின்னக் குழந்தைகளை மடியில் வைக்காதீர்கள், கர்ப்பிணிகளை ஒட்டி ரொம்ப நேரம் உட்காராதீர்கள் என்றார். முன்பே சொல்லியிருப்பார்கள், எங்கள் காதில் விழவில்லை. அப்பா முகம் செத்துப்போயிற்று. கட்டிலிலும் சுவரிலும் அந்தக் கதிர்வீச்சு ஒட்டிக்கொள்ளும், நீ வருகிற வீடு கெட்டுவிடும் என்று அவராகவே நினைத்துக்கொண்டு மறுநாள் பெருந்துறைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

போன வாரம் அங்கே போனேன். சித்தப்பாவின் மருமகள் மௌனிகாவின் பையனுக்குத் தவழ்கிற வயசு. அது இவரை நோக்கித் தவழ்ந்து வருகிறது, இவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போகிறார், அது விடாமல் வருகிறது, இவர் எழுந்து தெருவுக்கே போய்விட்டார். அவர்களிடமும் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. மௌனிகா என்னிடம் மெதுவாக, "ஏனுங்க அத்தை, பெரிய மாமாவுக்குக் கொழந்தைன்னாவே ஆகாதுங்களா" என்று கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை, எல்லோர் முன்னாலும் உடைத்துச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், "என்னைய ஒட்டி உக்காந்தா என்னாகும்னு எனக்கே வெளங்கலையே பத்மா, புள்ளைகிட்ட என்னன்னு சொல்றது" என்றார்.

நேற்று இரண்டு பேருமாக டாக்டரைப் பார்த்தோம். சுவரில் ஒன்றும் ஒட்டாது, ஒரே வீட்டில் நீ இருக்கலாம், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும், பிள்ளை பிறக்கிற சமயத்தில் தாத்தாவே தூக்கிக் கொஞ்சலாம் என்றார். அங்கே தலையாட்டிய மனுஷர் வீட்டுக்கு வந்ததும், பிரசவத்தை உன் மாமியார் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்கிறார். டாக்டர் பேசும்போது அது சரியாகப் படுகிறது, அப்பா பேசும்போது இது சரியாகப் படுகிறது. நீ படித்தவள், உன் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேள். கேட்டுவிட்டு வந்துவிடு கண்ணு. எதுவும் பிடிபடாவிட்டாலும் நீ வர வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருக்கிறது.

மாரியம்மன் உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றுவாள். ஸ்கேன் எடுத்த ஃபைலை மறக்காமல் எடுத்து வா. வந்ததும் அப்பா விலகிப் போனால் மனசில் வைத்துக்கொள்ளாதே, இருந்த இடத்திலிருந்தே பேசு. ஒரு நிமிஷம் கட்டிக்கொண்டால் தப்பில்லை என்றார் டாக்டர். அப்பா உன்னை ஒரு நிமிஷத்தில் விடுவாரா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா,
பத்மாவதி