கலா அக்காவின் நோட்டைத் திறந்தது நான்தான்

பாசமுள்ள கலா அக்காவுக்கு,

நேரில் சொல்லியிருக்க வேண்டியதை, நீங்கள் மறைந்து ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். நான் உங்களைச் சந்தேகப்பட்டேன்.

வேலூரிலிருந்து பெங்களூர் வந்து நம் ஆய்வகத்தில் நான் சேர்ந்த அன்று நீங்கள்தான் வேலையை விளக்கினீர்கள். "கேன்சர் செல்லுல வளர்ச்சிய அடக்குற ஜீன் சிலது கெட்டுப்போகல மா. ஒரு என்சைம் அத சுருட்டி மூடி வெச்சிருக்கு. என்சைம நிறுத்தினா ஜீன் திரும்ப முழிச்சுக்கும்." நான் மருந்துப் பொருளைத் தயாரிப்பேன். அது என்சைமை நிறுத்துகிறதா என்று நீங்கள் சோதிப்பீர்கள்.

என் முதல் பேட்ச் என்சைமைக் கிட்டத்தட்ட முழுசாக நிறுத்தியது. எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்தார்கள். அதே முறையில் செய்த இரண்டாவது பேட்ச் ஒன்றுமே செய்யவில்லை.

"உன் பொருள்லதான் ஏதோ இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. சும்னே, காரணமில்லாம பயப்படாத" என்றீர்கள். பழியை என் மேல் தள்ளுகிறீர்கள் என்றுதான் எனக்குப் பட்டது. உங்களுக்குப் பதவி உயர்வு வரும் நேரம். முதல் பேட்சுக்கு வந்த எண்ணை நீங்களே கூட்டி எழுதினீர்களா? நான் வந்ததும் சோதனை முடிவுகளை எழுதும் நோட்டை ஏன் மூடினீர்கள்?

ஒரு மத்தியானம் நீங்கள் துணி எடுக்க சிவாஜிநகர் போயிருந்தபோது உங்கள் நோட்டைத் திறந்தேன். ஓர் அடித்தல்கூட இல்லை. இவ்வளவு சுத்தமாக யார் எழுதுவார்கள் என்று அதையும் சந்தேகப்பட்டேன். நிமிர்ந்தால் வாசலில் நீங்கள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

அவ்வளவுதான் சொன்னீர்கள். இரண்டு வாரத்தில் மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தேன், மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். நீங்கள் வீடு திரும்பவில்லை.

பிறகு முதல் பேட்சில் மிச்சமிருந்ததையும் இரண்டாவதையும், எது எது என்று சொல்லாமல், உங்கள் இடத்துக்கு வந்தவரிடம் கொடுத்தேன். நீங்கள் எழுதிய அதே முடிவு வந்தது. முதல் பேட்சைப் பிரித்துப் பார்த்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் அதை நான் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. துளி வேறு பொருள் கலந்திருந்தது. என்சைமை நிறுத்தியது அந்தக் கலப்புதான் அக்கா. நான் பெருமைப்பட்ட பொருள் எதையும் நிறுத்தவில்லை.

"உங்க கண்டுபிடிப்புன்னே எழுதிடுங்க" என்கிறார் மேலாளர். ஏன் இத்தனை தாராளம்? இறந்தவருக்குப் பங்கு கொடுக்க மனமில்லையோ? பொருளில் ஏதோ இருக்கிறது என்று முதலில் சொன்னவர் நீங்கள் என்று அறிக்கையில் எழுதினேன். அந்த வரியை அடித்தார். திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் மர்பி டவுன் வீட்டில் உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவ உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லலியே கண்ணு. காப்பி குடிக்கிறியா?" என்றார். நிஜமாகவே சொல்லவில்லையா? இல்லை, என் முகத்தைப் பார்த்து மறைத்தாரா? அதைக் கேட்காமலே காப்பியைக் குடித்தேன்.

கலந்திருந்த அந்தப் பொருளை அடுத்த மாதம் எலிகளில் சோதிக்கப் போகிறார்கள். பலித்தாலும் பொய்த்தாலும் நான் எழுதும் ஒவ்வோர் அறிக்கையிலும் உங்கள் பெயர் இருக்கும். இனி யார் மேல் சந்தேகம் வந்தாலும் அவர்கள் முகத்தைப் பார்த்தே கேட்பேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

உங்களிடம் கேட்கத் தவறிய தங்கை,
மல்லிகா