ஐந்து பேருக்கு ஒரே நாடி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உன் அத்தான் இப்போது மூன்று மாடி ஏறுகிறார். மாரடைப்பில் செத்துப்போன தசைக்குள் உங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த இதயத் திசுக் கூழை ஊசியில் ஏற்றியபோது எனக்கு நம்பிக்கை இல்லை. உடம்புச் சூட்டில் உறைந்து, மருந்தைத் துளித்துளியாக விடும் என்றாய். விட்டது. பிழைத்தார். அந்த நன்றி எனக்கு உண்டு.

தினமும் நாடி பார்த்து நோட்டில் எழுதச் சொன்னார்கள். நாற்பது நாளாக அறுபத்து நான்கு. மாடி ஏறி வந்தாலும் அதே எண். புள்ளியியல் பாடம் நடத்துகிறவளுக்கு இது பிடிக்காத விஷயம். என் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டு வேறு வாங்கினேன்.

போன வாரப் பரிசோதனையில், அதே ஊசி போட்டுக்கொண்ட மற்ற நால்வரின் நோட்டுகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அறுபத்து நான்கு. நால்வரில் ஒருவர் பேருந்து ஓட்டுநர்; அவர் மனைவி சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுக்காரரு இதுவரைக்கும் எதுலயும் யாரோடவும் ஒத்துப்போனதில்லீங்க. இதுலயாவது போகட்டும்" என்றார். டாக்டர் தற்செயல் என்றார்.

செவ்வாய் காலை பதினொன்று பத்துக்கு அந்த ஓட்டுநர் சாலை விபத்தில் இறந்தார். எங்களுக்குச் செய்தி வந்தது மாலையில். ஆனால் பதினொன்று பத்துக்கு, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அத்தான் கையை நிறுத்திவிட்டு, "ஒரு ஆள் கொறையுதே" என்றார். மணிக்கட்டைப் பிடித்தேன். பதினோரு விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு வந்தது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், "நான் எங்க பேசினேன்?" என்கிறார்.

தானமாக வந்த நாலைந்து இதயங்களின் திசுவைக் கழுவிக் கலந்துதான் கூழ் செய்வோம் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஐந்து பேரின் ஊசிச் சீட்டிலும் ஒரே ஒரு தான எண்தான் இருக்கிறது, ஐந்திலும் அதே எண். அந்த மாதம் மேலிடம் அவசரப்படுத்துகிறது என்று அலுத்துக்கொண்டாயே, கலக்காமல் விட்டாயா? அது யாருடைய இதயம்?

இருபதாம் தேதி இரண்டாவது ஊசி. அதே தொகுதிக் கூழ்தான். போடாவிட்டால் தசை மறுபடி தளரும் என்கிறார் டாக்டர். நானும் கையெழுத்திட வேண்டும். உன் வேலைக்கு ஆபத்து வரும்படி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். எனக்கு மட்டும் எழுது. போன் வேண்டாம், அவர்தான் எடுக்கிறார்.

பத்தொன்பது வரை பார்ப்பேன். பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். எனக்கு அவர் வேண்டும், எத்தனை பேரோடு சேர்ந்து துடித்தாலும்.

நீ நன்றாயிரு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா