பறக்க வைக்கும் பொத்தான்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் அத்தையும் சுகந்தானே? அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா?

கட்டட வேலையில் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்ததில் எனக்கு வலது கையில் சின்ன அடி, அவ்வளவுதான். கட்டுப்போட்டு அறையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

பொழுது போகாமல், பாப்பாவுக்கு வாங்கிவைத்த கையடக்க வீடியோ கேமைப் பிரித்துவிட்டேன். அவள் டிவியில் பார்க்கிற அதே கார்ட்டூன் வீரன்தான். கட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் என் கட்டைவிரல் மடங்க மறுக்கிறது. அவன் மாடியிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறான்.

பக்கத்துக் கட்டில் பெயிண்டர் பார்த்துவிட்டு, "விழுந்த உடனே எழுந்து நிக்கிறானே, கொடுத்து வச்சவண்ணே" என்றார். சிரிக்கப்போய் கண் கலங்கிவிட்டது.

பாப்பா தோழி வீட்டில் இதை விளையாடுவாளே, எந்தப் பொத்தானை அமுக்கினால் அவன் பறப்பான் என்று கேட்டு எழுது. அடிபட்டதை அவளிடம் சொல்லாதே.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச்சொல்ல பெயிண்டர்தான் எழுதுகிறார். அவருக்கு வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்