உன் குரலுக்கு வந்த கோடு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அண்ணனும் அண்ணியும் சுகம், அம்மா அப்படியே இருக்கிறாள், நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் என் நினைப்பு. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு எழுத்து பூசணிக்காய் அளவு, அடுத்தது கடுகு அளவு, வரி தன் இஷ்டத்துக்கு மேலே ஏறிப் போகிறது, மன்னித்துக்கொள். ஆனால் இது என் கை, யாரையும் கெஞ்சி எழுத வைக்கவில்லை. சாயங்கால வகுப்பில் டீச்சர் எல்லோர் முன்னாலும் "தாத்தா பாஸ்" என்றாள், வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். இத்தனை வருஷம் நான் சொல்லச் சொல்ல உனக்கு எழுதியவள் அவள்தானே, நான் சொன்னதில் பாதியை வெட்டிவிட்டுத் தன் சங்கதியைச் சேர்த்துவிடுவாள். இப்போது வெட்ட ஆளில்லை.

அம்மாவுக்கு உன் குரல் தெரிந்ததா என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். "அவகிட்ட இப்ப சொல்லாதீங்கப்பா, தனியா உக்காந்து அழுவா" என்கிறான். பேச ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. எழுத்து என்றால் நிறுத்தி நிறுத்திப் போகலாம்.

தலைக்குள் ரத்தம் கசிந்து விழுந்ததிலிருந்து அம்மா கண் திறக்கிறாள், பார்வை எதிலும் நிற்பதில்லை, கிள்ளினாலும் கையை இழுப்பதில்லை. உள்ளே என்ன போய்ச் சேருகிறது என்று பார்க்கத்தான் ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனை. வெளியே கிளம்பும்போது தலை கலைந்திருந்தால் அவளுக்குப் பிடிக்காதே என்று காலையிலேயே எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, வகிடு எடுத்துப் பின்னிக் கூட்டிப்போனேன். அங்கே தலையில் ஒயர் ஒட்டுகிற பெண், ஒயர்க்காரம்மா என்று பேர் வைத்திருக்கிறேன், தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னங்க ஐயா, பொண்ணு பாக்கவா கூட்டிட்டு வந்தீங்க? இதுல பசை எப்படி ஒட்டும்?" என்றாள். எனக்கு மானம் போயிற்று. பிறகு அவளே சோப்புக் கொண்டுவந்தாள், நான் அம்மா கழுத்தைத் தாங்கிக்கொண்டேன், கட்டிலிலேயே தலையை அலசித் துடைத்து, பொத்தான் பொத்தானாக ஒயரை ஒட்டினாள்.

மணிக்கட்டில் லேசாகக் கரண்ட் கொடுத்தார்கள், காதில் மாட்டியதில் பீப் பீப் என்று விட்டார்கள். ஒரு தடவை கொடுத்தால் திரையில் ஓடுகிற கோட்டில் ஒன்றும் தெரியாதாம், மூளை எப்போதும் சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டே இருக்குமாம். அதையே திரும்பத் திரும்பக் கொடுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு சின்ன மேடு தெரியும். எனக்கு எழுத்து வந்ததும் அப்படித்தான் என்றேன், ஒயர்க்காரம்மா சிரித்தாள். பிறகு புறங்கையில் சூடான ஒளியைப் பாய்ச்சும் கருவி. முதலில் எனக்குப் போடு என்றேன். வேண்டாம் என்றாள், விடவில்லை. ஊசியைக் காய்ச்சித் தொட்ட மாதிரி சுருக்கென்றது, ஐயோ என்று கத்திவிட்டேன். அதையேதான் அம்மாவுக்கும் கொடுத்தார்கள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் திரையில் மேடு எழும்பியது.

கடைசியில் நீ பேசி அனுப்பிய "அம்மா, நான்தாம்மா." அதற்கு முன்னாலும் பின்னாலும், ஒப்பிட்டுப் பார்க்க, யாரோ தெரியாத ஒருத்தி அதையே சொன்ன பதிவையும் காதில் விட்டார்கள். குட்டிம்மா, இரண்டு குரலுக்கும் கோடு ஒரே மாதிரிதான் வந்தது. டாக்டர் அம்மா என்னை உட்கார வைத்து, "சத்தம் போய்ச் சேருது ஐயா, யார் குரல்னு பிரிச்சுப் பாத்த அடையாளம் இல்ல. வலியும் போய்ச் சேருது. அத அவங்க எப்படி உணர்றாங்கன்னு இந்தக் கோட்ட வச்சு சொல்ல முடியாது" என்றார். என் குரலையும் வைத்துப் பாருங்கள் என்று கேட்க வாயெடுத்தேன், பிறகு கேட்கவில்லை. வலி தெரியாது, நம்மைத் தெரியும் என்று இத்தனை நாள் மனசைத் தேற்றி வைத்திருந்தேன். தலைகீழாகிவிட்டது. தெரியாது தெரியாது என்று எத்தனை ஊசி போட்டார்கள், புண்ணில் ஒட்டிய துணியை நானே எப்படி வெடுக்கென்று இழுத்திருக்கிறேன்.

இப்போது வலி மாத்திரை கேட்டு வாங்கிக் கரைத்துக் குழாய் வழியாகக் கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்து தலையில் காய்ந்த பசையை அலசினபோது தண்ணீரை முதலில் என் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தேன். அண்ணியும் "அத்தை, திருப்பிப் படுக்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுகிறாள். அண்ணன் அம்மா அறை வாசல் வரைக்கும் வந்து நிற்கிறான், உள்ளே வரமாட்டேன் என்கிறான், அவனை ஒன்றும் கேட்காதே.

வரட்டுமா, வந்தால் தெரியுமா என்று கேட்டாய். தெரியும் என்று ஆசை காட்டி உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வா. ஊசி போடுகிற நேரத்தில் அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், எனக்கு இருப்பது இரண்டு கை, அதில் ஒன்று அவள் தலைக்கடியில் போய்விடுகிறது. வரும்போது வழியில் பட்டினி கிடக்காதே, கதவைப் பூட்டினாயா என்று இழுத்துப் பார். நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அம்மா சொல்கிறதையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன். உனக்கு டிக்கெட் கிடைக்க நாளானால் அடுத்த வாரமும் உட்கார்ந்து எழுதுவேன், அதற்குள் வரி கொஞ்சம் நேராகும். ஒன்று மட்டும் மறக்காதே, பயணத்தில் வந்த கை ஜில்லென்று இருக்கும். நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அம்மாவைத் தொடு.

உன் அப்பா
(நானே எழுதியது)