பீரோவுக்குப் பின்னால்

பாசமுள்ள பஷீர் மச்சானுக்கு,

அல்லாஹ் உங்க கப்ருக் குழியை விசாலமாக்கி வைக்கட்டும். நல்ல சேதியோடு ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆயிஷா பிளஸ் டூவில் நன்றாகப் படிக்கிறாள், அக்கா மறுபடி சமையலில் உப்பைச் சரியாகப் போடுகிறாள். இரண்டும் உண்மை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. எனக்கு உங்க மேல கோபம். எட்டு மாசத்துக்கு முன்னால் கட்டட சைட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனுஷன் மேல கோபப்படக் கூடாதுதான். பட்டுக்கொண்டு இருக்கிறேன்.

போன மாசம் அக்கா உங்க லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் என் கடைக்கு வந்தாள். ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரை, உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் போகிற சத்தம். அது ஒரே நாளில் வருவதில்லை, மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். அத்தா இருக்கும்போதே இந்தச் சத்தம் இருந்தது மாமா என்று ஆயிஷா சொன்னாள். லேப்டாப் ரிப்பேரே பிழைப்பாக ஒரு மச்சினன் இருக்கிறானே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். புது டிஸ்க் மாட்டுவேன், விண்டோஸைப் புதிதாகப் போடுவேன், போட்டோக்களை மட்டும் காப்பி செய்து கொடுத்துவிடுவேன். பழைய குப்பையைப் புது டிஸ்க்குக்கு இழுத்து வருவது எனக்குப் பிடிக்காது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. எப்படி இருந்ததோ அப்படியே வேணுமாம். ஆயிஷா பல்லில்லாமல் சிரிக்கிற அந்த முகப்புப் படம், கோணல்மாணலாக நீங்க போட்டு வைத்த ஃபோல்டர்கள், எல்லாம். முனகிக்கொண்டே சரி என்றேன்.

பழைய டிஸ்க்கிலிருந்து ஒன்றும் தேறவில்லை. ரெண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, லேப்டாப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தால் சின்னதாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க். உங்க மவுத்துக்கு ஒரு மாசம் முன்னால் லேப்டாப் மொத்தத்தையும் அதில் பேக்கப் எடுத்து வைத்திருக்கீங்க. பேக்கப் எடுங்க, பேக்கப் எடுங்க என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி ஓய்ந்தவன் நான். கேட்டது நீங்க ஒருத்தர்தான். ஒரு மதியம் முழுக்க அது புது டிஸ்க்குக்கு ஏறியது. ஆயிஷாவின் படம் திரையில் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலை முடிந்தால் ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கணும், அது கடை வழக்கம். கைக்கு வந்த ஒரு போட்டோவைத் திறந்தேன். சுவர், அதில் மெல்லிசாக ஒரு விரிசல், அதன் மேல் உங்க ஸ்டீல் ஸ்கேல். சைட் சூப்பர்வைசர் போட்டோ வேறு எப்படி இருக்கும்? ஏதோ ஒரு சைட் என்று நினைத்து மூடிவிட்டேன். மூடிவிட்டேன் மச்சான்.

அடுத்து வந்தது மாசத்தின் முதல் வெள்ளி. ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிக்கரணைக்கு, உங்க வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். சாப்பாட்டு மேஜையில் ஆயிஷா லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். டிங் என்று ஒரு சத்தம், திரை ஓரத்தில் ஒரு சின்ன நினைவூட்டல் கட்டம். அதில் நீங்க டைப் செய்து வைத்த ஒரே வரி: பீரோவுக்குப் பின்னால்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அது மாசா மாசம் வரும் என்றாள். சத்தம் வந்தால் நீங்க ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீங்களாம், அஞ்சு நிமிஷத்தில் சாப்பிட வந்துவிடுவீங்களாம். ஏன் என்று அவள் கேட்டதில்லை. அந்த இரும்பு பீரோவுக்கு நீங்க சக்கரம் மாட்டினபோது, கார் வாங்காமல் பீரோவை ஓட்டப் போறீங்களா என்று கிண்டல் செய்தவன் நான். போனைச் சார்ஜ் போடுகிற சாக்கில் ரூமுக்குள் போய் அதைத் தள்ளினேன். சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

தரையிலிருந்து ஜன்னல் மூலை வரைக்கும் சாய்வாக ஓடுகிறது அந்த விரிசல். பக்கத்தில் உங்க பொடி எழுத்தில், பென்சிலால், மாசமும் மில்லிமீட்டரும். அரை. ஒன்று. ரெண்டு. கடைசியாக நீங்க எழுதினது நாலு. போட்டோவில் பார்த்த அதே ஸ்கேல் பீரோ மேலேயே இருந்தது. எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்பது. விரல் நுனி உள்ளே போகிறது. உள்ளே சில்லென்று ஈரம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துச் சேற்று வாடை. பீரோவைப் பழையபடி தள்ளிவிட்டு, கை கழுவி, வந்து சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்காதீங்க.

நீங்க விவரம் தெரியாத ஆள் இல்லையே. எத்தனை பேர் வீட்டுக்கு நின்று அஸ்திவாரம் போட்டவர். விரிசல் வளர்ந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கா தெரியாது? அந்தச் சுவரை ஒட்டித்தானே மச்சான் ஆயிஷாவின் கட்டில்?

அன்றைக்கு டேவிட் சாருக்குப் போன் செய்தேன். உங்க கூட வேலை பார்த்த இன்ஜினியர், உங்க ஜனாஸாவை அடக்கம் செய்யக்கூட வந்தாரே. அடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டார். தூணைச் சாவியால் தட்டிப் பார்த்தார். தச்சர் ரெண்டு தடவை இழைத்தும் சாத்த வராத பாத்ரூம் கதவைத் திறந்து திறந்து மூடினார். அக்கா கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு என்னைத் தெருவுக்குக் கூட்டி வந்தார்.

"வீடு ஒரு பக்கமா இறங்குது. பெரிய மழை வர்றதுக்குள்ள இவங்களை வெளியே கொண்டு வந்துடுங்க யூசுப். அப்புறம் என்ன செய்யலாம்னு பார்ப்போம். மழையில மட்டும் இங்க யாரும் படுக்க வேணாம்."

அக்காவிடம், சுவர் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, ரெண்டு மாசம் என் வீட்டுக்கு வந்து இருங்க என்று மட்டும் சொன்னேன். அவள் கோபப்படக்கூட இல்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நீ முதல்லருந்தே இந்த வீட்டை வேணாம்னவன். இது அவர் கட்டின வீடு. ஆபத்து இருந்தா என்னையும் புள்ளையையும் இதுல விட்டுட்டுப் போயிருப்பாரா அவரு?"

பதில் என் கையில்தான் இருந்தது, அவளே பத்திரமாக மீட்டுத் தரச் சொன்ன லேப்டாப்புக்குள். சொன்னால் அவளுக்கு நீங்க ரெண்டாவது தடவை போய்விடுவீங்க. சொல்லாவிட்டால் அவள் நகர மாட்டாள். இப்படி ஒரு சிக்கலில் என்னை மாட்டிவிட்டு அங்கே நிம்மதியாகப் படுத்திருக்கீங்களா?

ஏதோ சரிபார்க்கணும் என்று பொய் சொல்லி லேப்டாப்பைக் கடைக்கு எடுத்து வந்தேன். இன்று வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து உங்க நினைவூட்டல் குறிப்புகள் மொத்தத்தையும் பார்த்தேன். முதல் வெள்ளி, பீரோவுக்குப் பின்னால். அதற்கு நேராக நீங்க போட்ட டிக். மறுநாள் சனிக்கிழமைக்கு, சத்தம் வைக்காத இன்னொரு குறிப்பு: யூசுப்கிட்ட சொல்லணும். அதற்கு டிக் இல்லை. அடுத்த மாசமும் அப்படியே. அதற்கடுத்த மாசமும். எண்ணிப் பார்த்தேன், பதினாலு மாசம். சுவரை ஒரு மாசம்கூடத் தவறாமல் அளந்திருக்கீங்க. என்னிடம் ஒரு மாசம்கூட வாய் திறக்கவில்லை.

ஏன் என்று யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. அந்த வீட்டுக்குக் குடி போன அன்றைக்கு, ஊரே பிரியாணித் தட்டோடு நிற்கும்போது, இந்த ஏரியாவில் பட்டா எல்லாம் தவளை பேரில்தான் இருக்கு, மச்சான் வாசலில் படகு கட்டி வைக்கணும் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீங்க. அதற்கப்புறம் பெருநாள் தவறாமல் அதே பேச்சைப் பேசினேன். சுவர் விரிந்துவிட்டது என்று அந்த வாயிடம் வந்து எப்படிச் சொல்வீங்க?

என் பழக்கப்படி புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தால் இந்தக் குறிப்புகள் ஒன்றும் வந்திருக்காது. அந்தப் போட்டோவும் ஏதோ ஒரு சைட் போட்டோவாகவே கிடந்திருக்கும்.

இதை எழுதும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இப்போது தூறல், கடை போர்டின் மேல் தகரத்தில் விழுகிற சத்தம். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அக்கா போன் செய்தாள். பாத்ரூம் கதவு சுத்தமாக மாட்டிக்கொண்டதாம், திறக்கவே வரவில்லையாம், திங்கட்கிழமை தச்சரை அனுப்பச் சொன்னாள். பின்னால் ஆயிஷா பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பது கேட்டது. எங்கே உட்கார்ந்து படிக்கிறாள் என்று கேட்டேன். கட்டிலில்தான் என்றாள். ஹாலுக்கு வரச் சொல், நான் வருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாது மச்சான். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறது. அக்கா முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைப்பேன். நீங்க டிக் போட்ட வரியையும் காட்டுவேன், போடாத வரியையும் காட்டுவேன். அவருக்குத் தெரியும் அக்கா, உன் தம்பியின் வாய்க்குப் பயந்துதான் சொல்லாமல் விட்டார் என்று சொல்வேன். அவள் அழட்டும். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். இன்றைக்கு ராத்திரி ரெண்டு பேரும் என் வீட்டில் படுப்பார்கள், இது சத்தியம்.

அவர்கள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, மடியில் லேப்டாப்பை வைத்து, நீங்க விட்டுவைத்த அந்தக் கடைசிச் சனிக்கிழமைக் குறிப்புக்கு நேராக டிக் போடுகிறேன்.

நீங்க சொல்லாமல் போனதைக் கேட்டுக்கொண்ட,
உங்க மச்சினன்
யூசுப்