வெள்ளிக் காப்பின் ஊசி

அப்லா,

இன்று காலை பீல் நகர மருத்துவமனையில் தாதி ஒரு தட்டை நீட்டி, உடம்பில் உள்ள நகைகளையெல்லாம் கழற்றச் சொன்னாள். தோடும் சங்கிலியும் கழன்றன. என் கையில் கிடக்கும் உங்கள் காப்பைத் தொட்டதும் விரலை இழுத்துக்கொண்டேன். என் மார்பில் ஒரு கட்டி, அதற்குத்தான் ஸ்கான். அன்று இதே வாசலில் நீங்களும் இதைக் கழற்றி என்னிடம் தந்து, "பிடி, வந்து போடுறன்" என்றுவிட்டு உள்ளே போனீர்கள்.

உங்கள் துருக்கி மொழியில் அக்காவைக் கூப்பிடுவதுபோல உங்களை 'அப்லா' என்று கூப்பிடப் பழகிய நம் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் நகையோடு மேசையில் உட்காரவிடமாட்டார்கள். வேலை முடிந்து உடுப்பு மாற்றும்போது காப்பைப் பூட்டிவிடச் சொல்லி நீங்கள் கையை நீட்டுவீர்கள். தலைமுடி போன்ற வெள்ளிக் கம்பியை முறுக்கிப் பூப்பூவாகச் செய்த காப்பு. ஒட்டோமான் சுல்தான்களின் காலத்தில், மர்தின் ஊரில், உங்கள் அம்மாவின் அம்மம்மா கல்யாணத்துக்குப் போட்டது. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, சங்கிலியில் தொங்கும் ஊசியைத் துளைக்குள் இறக்கவேண்டும். ஒற்றைக் கையால் முடியாது. நாள் முழுக்கச் சின்னத் திருகாணிகளோடு மல்லுக்கட்டும் என்னையே அது பாடாய்ப்படுத்தும்.

நம் உடைந்த ஜெர்மனில் ஒருநாள் உங்களைச் சீண்டினேன். "எங்கட ஊரில வெள்ளியைக் காலிலதான் போடுறது."

"அப்ப உன்ர கையில கிடக்கிற தங்கத்தை எனக்குத் தா."

"இவ்வளவு கரைச்சலான பூட்டை ஏன் வைச்சவங்கள்?"

"அந்தக் காலத்து வீட்டில பொம்பிளை தனிய இருக்கமாட்டாள். பூட்டிவிடப் பக்கத்தில ஒருத்தி இருப்பாள்" என்றீர்கள்.

அந்த ஸ்கானுக்குப் பிறகு உங்கள் கை வீங்கிவிட்டது. காப்பு ஏறவில்லை. கட்டிலில் கிடந்தபடியே அதை என் கையில் போட்டு, நீங்களே ஊசியை இறக்கினீர்கள். அதற்குள் நானும் வேலையை விட்டிருந்தேன். கழற்றச் சொல்ல ஆளில்லை, அன்றிலிருந்து நான் அதைக் கழற்றவுமில்லை. உண்மையைச் சொன்னால், பயம். கழற்றிய நீங்கள் திரும்பப் போடாமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்களே.

"அம்மா, தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்" என்றாள் கூட வந்த மகள்.

"பிறகு ஏறாட்டி?"

"என்ன கதை இது? ஏறும்."

நீங்கள் கடைசியாக இறக்கிய ஊசியை அவள் இழுத்தாள். எனக்கு அழுகை வந்தது. அந்த இயந்திரம் தடதடவென்று அடித்த நேரமெல்லாம் கட்டியை நான் நினைக்கவில்லை. வெறும் மணிக்கட்டைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

வெளியே வந்ததும் கையை நீட்டினேன். ஊசி மகளின் விரலில் இருந்து நழுவி நழுவி விழுந்தது.

"ஐயோ அம்மா, இதென்ன பூட்டு!"

"அந்தரப்படாதை. முதல்ல முனையைச் சேர்த்துப் பிடி. பிறகு ஊசி." நீங்கள் எனக்குச் சொல்லித்தந்த அதே சொற்கள்.

பார்த்துக்கொண்டு நின்ற தாதி வந்து முனைகளைப் பிடித்தாள். மகள் ஊசியை இறக்கினாள்.

முடிவு வியாழக்கிழமைதான் தெரியும். அதுவரை சாப்பாடும் இறங்காது, நித்திரையும் வராது. பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் காப்பு ஏறிவிட்டது, அப்லா. வியாழக்கிழமையும் மகள் கூட வருகிறாளாம்.