தராசில் இரண்டு கிலோ பொய்

என் செல்லத் தொப்பையப்பாவுக்கு,

தொப்பையைக் கரைத்துவிட்டுத்தான் போனீர்கள். இருந்தாலும் பட்டத்தைப் பறிக்க எனக்கு மனசில்லை.

கடை நன்றாக நடக்கிறது. கல்லாவில் அம்மா. ‘அண்ணாச்சி கடை’ இப்போது ‘அக்கா கடை’ ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் வந்து கருப்பட்டி நிறுக்கிறேன். நிறுப்பதில் பாதி என் வாய்க்குப் போகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்ன பிறகு, ஞாயிறு காலையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பீர்களே? முதல் வாரம், பின்னால் நின்று தராசை ஒரு காலால் அழுத்தினேன். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்பது ஆனது. திட்டுவீர்கள், சிரிக்கலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் வடையைத் தொடாத மனுஷன், செருப்பை மாட்டிக்கொண்டு போய் நாலு பரோட்டா தின்றுவிட்டு வந்தீர்கள்.

“ஏளா, எப்படியும் கொறையப் போறதில்ல. வயித்தையாவது சந்தோசமா வச்சுக்கிடுவோம்.”

அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு, இரண்டு கிலோ கருப்பட்டியைத் தராசில் வைத்து, பட்டனை அமுக்கிச் சுழியமாக்கி, நீங்கள் ஏறும் நேரம் எடுத்துவிட்டேன். உங்கள் எடையில் இரண்டு கிலோ கழிந்தது. தராசில் பொய் சொல்கிறவன் கடை வைக்கக் கூடாது என்று ஊருக்கே சொல்கிறவர், தொண்ணூற்று நாலைப் பார்த்து மீசையைத் தடவினீர்கள்.

“வாளா, கடற்கரை வரைக்கும் நடந்துட்டு வருவோம்.”

“எடை குறையணும்னா வடை குறையணும்ப்பா.”

“வடைக்குப் பதிலா நடை. என்ன சொல்லுத?”

உப்பு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும்வரை நடந்தோம். வாராவாரம் நான் கருப்பட்டியைக் குறைத்தேன். சில மாதத்தில் கருப்பட்டியே இல்லாமல் எண்பத்தாறு! ஐப்பசியில் வந்த காய்ச்சலுக்குத்தான் அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை; உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அதன் பிறகு நான் தின்ன ஆரம்பித்தேன், அப்பா. கடை பூட்டி நீங்கள் வீடு வரும் நேரத்துக்குச் சரியாகப் பசிக்கும். நீங்கள் விட்ட வடையெல்லாம் எனக்கு. அது வயிற்றுப் பசிதானா? வகுப்பில் யூனிஃபார்ம் பித்தான் தெறித்தது. “விக்கெட்!” என்று கத்தி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். தராசுப் பக்கமே போகவில்லை.

போன ஞாயிறு அம்மா விடவில்லை. “ஏறுளா, தராசு உன்னக் கடிக்காது.”

எழுபத்திரண்டு. பயந்ததைவிடக் குறைவு. சந்தோஷத்தில் கீழே குதித்துத் திரும்பிப் பார்த்தால், தராசு மைனஸ் இரண்டு காட்டுகிறது! அம்மாவின் முந்தானைக்குள் கருப்பட்டி.

“எம்மா! இத யாரு சொல்லித் தந்தா?”

“உங்கப்பாதான். மொத நாளே எறங்கிப் பாத்திருக்காரு, மைனஸ் ரெண்டுல நிக்கு. கடைக்காரருக்குத் தராசு தெரியாதா? ‘புள்ள எனக்காகத் தராசையே ஏமாத்துது, இனி நடக்காம இருந்தா நான் மனுசனா?’ன்னு சிரிச்சாரு.”

அப்படியென்றால் அத்தனை வாரமும் மீசையைத் தடவியது நடிப்பா? என்னையே ஏமாற்றிவிட்டீர்களே!

பிறகு பட்டனை அமுக்கிச் சுழியமாக்கி, மறுபடி ஏறினேன். எழுபத்து நாலு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பரோட்டா ஞாபகமே வரவில்லை. “வாம்மா, நடப்போம்” என்றேன். அம்மாவோடு நடப்பது பெரிய பாடு. எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் நின்று பேசுகிறாள்.

வடையை அடியோடு விடுவேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் உங்கள் நினைப்பு வரும் நேரத்தில் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் போகாமல், கடற்கரைப் பக்கம் போவேன். ஞாயிறுதோறும் சுழியத்தைப் பார்த்துவிட்டுத்தான் தராசில் ஏறுவேன். இது சத்தியம்.

அடுத்த வாரம் அம்மாவும் ஏறுகிறாளாம். அப்போது நான் என்ன செய்வேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் தராசில் கை வைத்த முதல் திருடி,
உங்கள் மகள்